ஊசியில் போனவன்

அத்தியாயம் 14

தீக்ஷாவின் வலது காதிலும் சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லித்தானே போன வாரம் நிறுத்தினோம்? இடது காது போன கதையைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.

ஏழு வயசுக் குழந்தை. இரண்டு வருஷமாக மாற்றி மாற்றிக் காதுவலி. காதில் கிருமி புகுந்தால் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற மருந்து அமாக்ஸிஸிலின். பெனிசிலினுக்கு உடன்பிறப்பு. அது தீக்ஷாவுக்கு ஆகாது என்று அமெரிக்காவில், பிளானோ ஊரில் அவள் கால் வைத்த இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். டே கேரில், ஸ்கூலில், குழந்தை டாக்டரின் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில்.

ஆகவே மாற்று மருந்துகள். ஒன்று கேட்கவில்லை. இன்னொன்று வயிற்றைப் புரட்டிப் போட்டது. மூன்றாவதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கிருமி காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். இடது காதை மீட்க முடியவில்லை.

ஏன் ஆகாது? தீக்ஷாவின் அப்பா சாய்ராமுக்கு மதன் என்று ஒரு தம்பி. மாயவரத்தில் ஜுரம் என்று போனவனுக்கு டெஸ்ட் டோஸ் பார்க்காமல் பெனிசிலின் ஊசி போட்டார்களாம். போட்ட மேஜையிலேயே போய்விட்டானாம். 'எங்க வம்சத்துக்கே பெனிசிலின் ஆகாதும்மா' என்று தீக்ஷாவின் அம்மா அஞ்சனாவைப் பெண் பார்க்க வந்த அன்றே மாமனார் சொன்னார். கண் கலங்கிச் சொன்னார். அஞ்சனாவின் அப்பாவும் சேர்ந்து கண் கலங்கினார். காபி ஆறிப்போனது.

மதனை அஞ்சனா பார்த்ததில்லை. சந்தன மாலை போட்ட படத்தில் மட்டும் பழக்கம். பூஜை அலமாரியில் மேல் தட்டில் மீசை அரும்பிய முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பான். வருஷா வருஷம் அவன் திதிக்கு இலை போட்டு, வடை தட்டி, பாயசம் வைத்து, பின்பக்கப் புல்வெளியில் காக்காய்க்குச் சோறு வைப்பாள். இந்த வருஷத் திதி வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்காகவே மாமியார் அனந்தலக்ஷ்மி சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து இறங்குகிறாள்.

அதற்கு முன்னால் இந்த வியாழக்கிழமை இருக்கிறது.

அலர்ஜி டாக்டர் பவதாரணி யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இங்கிலீஷை ஓரமாக வைத்துவிட்டார்.

"பிள்ளைக்கு இந்த மருந்தை எப்ப குடுத்தனீங்கள்? குடுத்தாப் பிறகு என்ன நடந்தது?"

"கொடுத்ததே இல்ல டாக்டர்," என்றாள் அஞ்சனா.

"ஒருக்காவும் இல்லையோ?"

"இவர் தம்பி பெனிசிலின் ஊசியிலதான் போயிட்டார். அதனால பயந்துகிட்டு..."

டாக்டர் சாய்ராமின் பக்கம் திரும்பினார். "ஐயோ பாவம். எத்தனை வயசில? ஊசி போட்டு எவ்வளவு நேரத்தால? மூச்சு முட்டினதோ, உடம்பு தடிச்சதோ?"

"நான் அப்ப கோயம்புத்தூர்ல காலேஜ்ல இருந்தேன் டாக்டர். டீடெய்ல்ஸ் சரியா தெரியாது."

அஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில், தம்பியைத் தானே தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியதாகச் சொன்னவன் இவன். சொல்லிவிட்டு அவள் மடியில் தலை வைத்து அழுதவனும் இவன்தான். சரி, துக்கத்தில் ஞாபகம் குழம்பும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். புருஷன் கேட்காமலேயே அவனுக்குச் சாக்கு தேடிக் கொடுப்பது நம் பெண்களுக்கு ஊறிய பழக்கம்.

"சித்தப்பாவுக்கு வந்தது எண்டால் பிள்ளைக்கும் வரும் எண்டு இல்லை," என்றார் டாக்டர். "சொத்து மாதிரிப் பரம்பரையா இறங்கிற சாமான் இல்ல இது. அவவுக்கு ஒரு நாளும் இந்த மருந்து குடுக்கவே இல்லை. பிறகு எப்பிடி அலர்ஜி எண்டு எழுதி வச்சிருக்கினம்?"

சாய்ராம் சுவரில் ஒட்டியிருந்த காது படத்தைப் பார்த்தான்.

"மற்றக் காதையும் விடேலாது. நிறைக்கு ஏத்த அளவு கணக்குப் பாத்துத்தான் குடுப்பம். முதல்ல கொஞ்சூண்டு. அரை மணித்தியாலம் பாப்பம். பிறகு மிச்சம். ஒரு மணித்தியாலம் இஞ்சையே இருக்க வேணும். ஏதும் நடந்தால் நிப்பாட்டுற மருந்து என்ர கையில இருக்கு."

"கண்டிப்பா இதுதான் கொடுக்கணுமா டாக்டர்?" என்றான் சாய்ராம். "வேற ஏதாவது ஆல்டர்நேட்டிவ்?"

"வேறயைக் குடுத்துத்தானே தம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறம்."

அஞ்சனா கையெழுத்துப் போட்டாள். அவள் பெயர் அவளுக்கே அடையாளம் தெரியாமல் விழுந்தது.

நர்ஸ் தீக்ஷாவை எடை பார்த்தாள். ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் ரோஸ் கலர் மருந்தை இழுத்தாள். மாயவரத்து மேஜை அஞ்சனாவின் கண் முன்னால் வந்து நின்றது. பார்க்காத மேஜைதான், ஆனால் பத்து வருஷமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாளே. அதன் மேல் இப்போது மதன் இல்லை, தீக்ஷா படுத்திருந்தாள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். யாருக்கு மொட்டை என்று யோசிக்கவில்லை, தனக்கே என்றாலும் சம்மதம்.

அந்த நேரம் பார்த்து சாய்ராமின் ஃபோன் அதிர்ந்தது.

"ஆபீஸ் ஸ்டாண்டப் கால். ஜாயின் பண்ணலைன்னா மேனேஜர் கத்துவான். ரெண்டு நிமிஷம்."

போய்விட்டான்.

மருந்து உள்ளே போனது. தீக்ஷா உதட்டை நக்கிக்கொண்டு, "டேஸ்ட்ஸ் லைக் பபிள் கம்," என்றாள். அஞ்சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தோலைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். உதடு வீங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா, கண் சொருகுகிறதா. கொசு கடித்த பழைய தடிப்பு ஒன்றைக் கண்டு உயிரே போய் வந்தது.

"அம்மா, யூ ஆர் ஸ்க்வீஸிங் மீ."

"ஒண்ணுமில்லடா கண்ணா. சும்மா."

ரொம்ப நேரம் கழித்து சாய்ராம் வந்தான். ஒரு கையில் காபி, இன்னொரு கையில் கடித்த டோனட்.

"முடிஞ்சுதா?" என்றான்.

காருக்கு ஆயில் மாற்றக் கொடுத்துவிட்டு வந்தவன் கேட்பது போலக் கேட்டான். மீசையில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

மீதி மருந்தையும் நர்ஸ் கொடுத்தாள். இந்தத் தடவை அவன் பக்கத்தில்தான் நின்றான். கொட்டாவி விட்டான்.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். தீக்ஷா ஐபேடில் மூழ்கினாள். அஞ்சனா புருஷனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மனுஷன் பயப்படவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு டாக்டரிடமும் குரல் தழுதழுக்க 'என் தம்பி' என்று ஆரம்பித்தவன். பிறந்தநாள் பார்ட்டிக்குப் போகிற வீட்டில்கூட 'பெனிசிலின் அலர்ஜி' என்று சொல்லி விட்டு வந்தவன். தம்பியைக் கொன்ற மருந்து கண்ணெதிரே மகள் வாய்க்குள் போகிறது, இவன் டோனட் தின்கிறான்.

"உங்களுக்குப் பயமா இல்லியா?"

"டாக்டர்தான் இருக்காங்களே."

"மதனுக்கும்தான் டாக்டர் இருந்தார்."

"அது வேற அஞ்சு."

"என்ன வேற?"

அவன் காபியைக் குடித்தான். ஒரு வாய்க்கு இவ்வளவு நேரம் எடுக்காது.

"உங்களைத்தான் கேக்கறேன். கோயம்புத்தூர்ல இருந்தீங்களா, தோள்ல தூக்கிட்டு ஓடினீங்களா? எது நெஜம்?"

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"என் தலையில கை வச்சுச் சொல்லுங்க. வேண்டாம், அவ தலையில வையுங்க. மதன் ஊசி போட்டுத்தான் செத்தாரா?"

சாய்ராம் கையை வைக்கவில்லை. கோழையிலும் ஒரு நேர்மை இருக்கிறது பாருங்கள், மகள் தலையில் கை வைத்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை. காபிக் கப்பின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அவன் சாகல."

அஞ்சனாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. வந்தது ஒரு அசட்டுக் கேள்வி.

"அப்ப நான் யாருக்கு வடை தட்டினேன்?"

"மெதுவா பேசு. ப்ளீஸ்."

பிறகு கொட்டினான். மதன் கூடப் படித்த கிறிஸ்துவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அப்பா காவேரியில் தலைமுழுகிவிட்டு வந்தார். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சென்னைக்கு வந்ததும், புது இடத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் பையன் ஊசியில் போய்விட்டான் என்று சொன்னார். படம் மாட்டினார். மாலை போட்டார். அம்மா ஒரு நாள் குறித்துத் திதியும் கொடுக்க ஆரம்பித்தாள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு.

"அப்பா சத்தியம் வாங்கிட்டார் அஞ்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

"அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எப்படிச் சொல்றது? நீ என்ன நெனப்பே? முதல்ல ஒரு ஃபார்ம்ல அம்மா ஃபோன்ல கேட்டுட்டிருக்கும்போது அலர்ஜின்னு எழுதிட்டேன். அது அப்படியே சிஸ்டம்ல ஏறிடுச்சு. எடுங்கன்னா ஏன்னு கேப்பாங்க. அதான் வேற ஆன்டிபயாடிக் தராங்களே, அதுவும் மருந்துதானேன்னு..."

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள குழந்தையை எடுத்துட்டுப் போனப்போ என் பக்கத்துலதான் நின்னே. அப்பவும் தெரியும் உனக்கு."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவனை 'நீ' என்றாள். அவளும் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

"காதும் போனதுக்கு அப்புறம், அலர்ஜி இல்லவே இல்லன்னு சொன்னா... என்னால முடியல அஞ்சு."

"எங்க இருக்கான்?"

"இங்க அமெரிக்காவுலதான், ஜெர்சில. ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல. ஒரு..." அவன் கப்பின் மூடியைத் திறந்து மூடினான். "ஒரு ஃபார்மா கம்பெனில."

மருந்தால் செத்தவன் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் அது அழுகையாக மாறியது.

டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தீக்ஷாவின் தோல், தொண்டை, மூச்சு எல்லாம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒண்டும் இல்லை. கெட்டிக்காரி. இண்டையில இருந்து இவவுக்குப் பெனிசிலின் அலர்ஜி இல்லை. அந்தச் சிவப்பு எழுத்தை நான் எடுத்துவிடுறன்." பிறகு அஞ்சனாவிடம், "சிரிஞ்சாலதான் அளந்து குடுக்க வேணும், வீட்டுக் கரண்டி வேண்டாம். வலி நிண்டுட்டுது எண்டு இடையில நிப்பாட்டக் கூடாது. பிறகு உடம்பில ஏதும் தடிச்சால் உடன எனக்குக் கோல் எடுங்கோ," என்றார்.

"டாக்டர், இதை முதல்லயே கொடுத்திருந்தா அந்தக் காது...?"

பவதாரணி சற்று யோசித்தார். நல்ல மனுஷி, அதனால் பொய் சொல்லவில்லை. "கட்டாயம் தப்பியிருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா முதல்ல குடுத்திருக்க வேண்டிய மருந்து இதுதான்." அஞ்சனாவின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டார். "அழாதேங்கோ. ஒரு சாவைக் கண்ட குடும்பம், பயந்ததில பிழையில்லை."

"அவர் நல்லா இருக்கார் டாக்டர்," என்றாள் அஞ்சனா. "ஜெர்சில இருக்கார்."

டாக்டருக்குப் புரியவில்லை. சாய்ராம் காலிக் காபிக் கப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீடு திரும்பும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி பாட்டிலை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அஞ்சனா அதை ஃப்ரிட்ஜில் வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பூஜை அலமாரிக்குப் போனாள். மதனின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி, கீழே இருந்த ஆணியில் மாட்டினாள். வெறும் கழுத்தோடு அவன் அதே சிரிப்பைச் சிரித்தான்.

ஐபேடில் வாட்ஸ்அப் வீடியோ கால் அடித்தது. அனந்தலக்ஷ்மி. பின்னால் திறந்த பெட்டியும் அப்பளக் கட்டுகளும்.

"என்னடி ஆச்சு? குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல அத்தை. ஒத்துக்கிச்சு."

"நான்தான் சொன்னேனே. நம்ம மதன் தெய்வமா நின்னு காப்பாத்திட்டான்."

"ஆமா அத்தை. தெய்வமாதான் நிக்கறாராம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல."

திரையில் மாமியாரின் முகம் போய் உத்தரம் தெரிந்தது. ஃபேன் சுற்றியது. பிறகு முகம் திரும்பி வந்தது. அதில் குற்ற உணர்ச்சியைத் தேடினால் உங்கள் கண்தான் வலிக்கும்.

"சாயி சொன்னானா? வாயில ஒண்ணு நிக்காது அவனுக்கு." பெருமூச்சு விட்டாள். "இதோ பாரு. செத்தவன் இருந்த வீட்டுக்குப் பொண்ணு குடுப்பாங்க. ஓடினவன் இருந்த வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்க. உங்கப்பாவையே கேளு, உன்னைக் குடுத்திருப்பாரான்னு."

"என் குழந்தைக்கு ஒரு காது கேக்கல அத்தை."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றே? எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. அதுக்குத்தான் ரெண்டு குடுத்திருக்கான் கடவுள். இதை ஊரெல்லாம் தண்டோரா போடாதே."

அஞ்சனா கத்தத்தான் நினைத்தாள். வந்த குரல் அவளுக்கே அந்நியமாக, சாந்தமாக இருந்தது.

"சரி அத்தை. சனிக்கிழமை நல்லபடியா வாங்க. ஞாயித்துக்கிழமை இலை போட்டுடறேன்."

"அதான் நல்ல மருமகளுக்கு அழகு," என்று சொல்லி மாமியார் ஃபோனை வைத்தாள்.

அஞ்சனா புருஷன் எதிரில் கையை நீட்டினாள். "ஃபோனைக் கொடு. மதனை என்ன பேர்ல சேவ் பண்ணி வச்சிருக்கே?"

சாய்ராம் தலை குனிந்தான். "பிளம்பர்."

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் கூப்பிடும் பிளம்பர். அவள் எத்தனை முறை எடுத்து நீட்டியிருக்கிறாள். ஒருமுறைகூட, எந்த ஊர் பிளம்பர் தீபாவளிக்குக் கூப்பிடுவான் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அஞ்சு, வேண்டாம். அம்மாவுக்கு பிபி இருக்கு. ஏதாவது ஆயிடும்."

"ஆனா என்ன? படம் மாட்டி மாலை போட்டுக்கலாம். நம்ம வீட்டுல பழக்கம்தானே."

அவன் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினாள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு ரிங்கிலேயே எடுத்தார்கள்.

"சொல்லு சாயி. தீக்ஷாவுக்கு எப்படி இருக்கு?"

குரல் அப்படியே சாய்ராமின் குரல். அஞ்சனா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயி இல்ல. நான் அஞ்சனா. உங்க அண்ணி."

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் திதி. வருஷா வருஷம் காக்காய்க்கு வச்சது போதும். இந்தத் தடவை நேர்ல வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. உங்க வொய்ஃபையும் கூட்டிட்டு வாங்க."

மதன் கேட்டான். "அம்மா அங்கதான் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"நான் வர்றது அம்மாவுக்குத் தெரியுமா அண்ணி?"

ஆணியில் தொங்கிய மாலையை அஞ்சனா பார்த்தாள். "நீங்க வந்து நின்னதும் தெரியும்."

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஃபோன் மட்டும் அடங்கியது.

அவள் திரும்பியபோது சாய்ராம் அங்கே இல்லை. ஹாலில் சோஃபாவுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். தீக்ஷா குனிந்து படத்துக்குக் கலர் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவள் முடியை ஒதுக்கி, காதோரம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்பா பெரிய தப்புப் பண்ணிட்டேன்டா கண்ணா. எல்லாம் தெரிஞ்சே பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு. ஸாரிடா."

குழந்தை ஊதா நிறத்தை வைத்துவிட்டு பச்சையை எடுத்தாள். அவன் இன்னொரு முறை சொன்னான். கழுத்தில் அவன் மூச்சுப் பட்டதும்தான் தீக்ஷா திரும்பினாள். பொறுமையாக, தினம் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகியவளைப் போல, இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பா, அதர் சைட்."